கல்லூரி வளாகத்தில் மாணவர் அவசர மருத்துவக் குழு: தொடங்கி நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

அவசர மருத்துவக் குழு தொடங்கலாம் என்று மாணவர்கள் கூடியதும் முதலில் பேசுவது முதலுதவிப் பையைப் பற்றியும் சீருடையைப் பற்றியும்தான். இரண்டும் கடைசியில் வர வேண்டியவை. யாருடைய மருத்துவப் பொறுப்பில் இயங்குகிறோம், அழைப்பு எந்த வழியில் நம்மிடம் வந்து சேரும், வருவோம் என்று சொன்ன நேரத்தில் ஆள் இருப்பார்களா என்பவைதான் குழுவைத் தாங்கி நிற்பவை. இவை உறுதியாகும் முன்பே அழைப்பு ஏற்கத் தொடங்கினால், உதவி வந்துகொண்டிருக்கிறது என்று நம்பி ஒருவர் வீணாகக் காத்திருப்பார். அது குழுவே இல்லாத நிலையைவிட ஆபத்தானது. கீழே உள்ள வரிசை அதை மனத்தில் வைத்து அமைத்தது.

1. எதற்காக, எதுவரை என்பதை முதலில் எழுதுங்கள்

வளாகச் சுகாதார மையத்திடமும் பாதுகாப்புப் பிரிவிடமும் சென்ற ஓராண்டின் சம்பவப் பட்டியலைக் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம். நேரம், இடம், என்ன பாதிப்பு என்ற மூன்று விவரங்கள் போதும். மயக்கம், விளையாட்டுக் காயம், ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு, அளவுமீறிய மது, பதற்றம், தற்கொலை எண்ணம் என்று கல்லூரிக்கே உரிய ஒரு கலவை அதில் தெரியும். எந்த நேரத்தில் குழு தேவை, எந்தப் பயிற்சிக்கு முதலிடம் என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்து, எல்லையை வரையறுங்கள். என் பரிந்துரை இது: நடந்தோ சைக்கிளிலோ சென்று சேர்ந்து, சிகிச்சையைத் தொடங்கி, ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் ஒப்படைக்கும் குழுவாகத் தொடங்குங்கள். சொந்த வாகனம் என்றால் உரிமம், ஓட்டுநர், காப்பீடு, பராமரிப்பு என்று பாதி உழைப்பு அதிலேயே போய்விடும். மாணவர் குழுவின் உண்மையான பலம் அருகில் இருப்பதுதான். இதயம் நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சு அழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. மூன்று நிமிடத்தில் ஓடிவருபவர் அங்கே செய்வதை, பதினைந்தாவது நிமிடத்தில் வரும் எந்த வாகனமும் ஈடுசெய்ய முடியாது.

2. மருத்துவரின் பொறுப்பையும் நிர்வாகத்தின் அனுமதியையும் எழுத்தில் பெறுங்கள்

குழுவுக்கு ஒரு பொறுப்பு மருத்துவர் வேண்டும். அவசர சிகிச்சையில் அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. ஆக்சிஜன், குளுக்கோஸ், அட்ரினலின் ஊசிபோன்றவற்றில் எதை, யார், எந்த நிலையில் கொடுக்கலாம் என்ற சிகிச்சை நெறிமுறையில் அவர் கையெழுத்திட வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் கல்லூரியின் சட்ட ஆலோசகரும் அதைப் பார்த்தாக வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் இது. வழிப்போக்கராக உதவுபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அட்டவணைப்படி பணியில் இருப்பவருக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். பொருந்தாமல் போகலாம். ஆகவே தன்னார்வலர்களைக் கல்லூரியின் காப்பீடு உள்ளடக்குகிறதா என்பதை வாய்மொழியாகக் கேட்டு நிறுத்திவிடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

நிர்வாகத்திடம் இன்னொரு உறுதிமொழியும் கேளுங்கள்: மருத்துவ உதவிக்காக அழைத்தவர்மீதும் பாதிக்கப்பட்டவர்மீதும் மது அருந்திய குற்றத்துக்காக ஒழுங்கு நடவடிக்கை பாயாது என்பது. இந்த உறுதி இல்லாத வளாகத்தில், நினைவில்லாமல் கிடக்கும் நண்பனைப் போர்வையால் மூடி அறைக்கதவைச் சாத்திவிடுவார்கள். எவ்வளவு நல்ல குழுவாக இருந்தாலும் அழைப்பு வராத இடத்தில் அதனால் பயனில்லை.

கையெழுத்துப் போட்ட மருத்துவர் அதன்பின் கண்ணில் படாமல் போவதும் உண்டு. மாதம் ஒரு முறை அழைப்புப் பதிவுகளை அவர் பார்ப்பார் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

3. அழைப்புப் பாதையை அமைத்துச் சோதியுங்கள்

ஒரே எண், இடைவிடாமல் ஆள் இருக்கும் ஓர் இடம். பெரும்பாலான வளாகங்களில் அது பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறைதான். குழுத் தலைவரின் சொந்தக் கைபேசி எண்ணை ஒட்டிவைக்காதீர்கள். அவர் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதும் யாராவது மயங்கி விழுவார்கள்.

அழைப்பை எடுப்பவரின் மேசையில் ஒரு தாள் இருக்க வேண்டும். எந்தக் கட்டடம், எந்தத் தளம், பேசினால் பதில் சொல்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா, ரத்தம் கொட்டுகிறதா என்பவை அதில் இருக்கும் கேள்விகள். நினைவில்லை, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத ரத்தம், நிற்காத வலிப்பு என்றால் நம் குழுவையும் ஆம்புலன்ஸையும் ஒரே நேரத்தில் அழைக்க வேண்டும். ‘பையன்கள் முதலில் போய்ப் பார்க்கட்டும்’ என்ற பழக்கம் வேர்விட்டால், காப்பாற்ற வந்த குழுவே தாமதத்துக்குக் காரணமாகிவிடும்.

பிறகு சோதனை. இரவு நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் ஓர் ஒத்திகை அழைப்பு விடுங்கள். எந்த வாசல் பூட்டியிருக்கிறது, எந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, மாணவர்கள் வாயில் புழங்கும் கட்டடப் பெயருக்கும் வரைபடத்தில் உள்ள பெயருக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதெல்லாம் அப்போதுதான் வெளிப்படும். ஆம்புலன்ஸை வாசலில் எதிர்கொண்டு வழிகாட்ட ஒருவர் என்பதை நிரந்தர விதியாக்குங்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவிகள் எங்கெல்லாம் இருக்கின்றன, இரவில் அந்தக் கதவுகள் திறக்குமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஆட்களைச் சேர்ப்பது

மதிப்பெண்ணோ மருத்துவப் படிப்புக் கனவோ அளவுகோல் ஆகக்கூடாது. சொன்ன நேரத்துக்கு வருபவரா, கேட்டதை வெளியே சொல்லாதவரா, திருத்தினால் ஏற்றுக்கொள்பவரா என்று பாருங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு பெண்ணாவது இருக்கும் அளவுக்குச் சேர்க்கை அமைய வேண்டும். விடுதி அறையில் தனியாக இருக்கும் மாணவி இரு ஆண்களிடம் எல்லாவற்றையும் சொல்லமாட்டார்.

5. பயிற்சி: சான்றிதழில் தொடங்கி, வளாகத்தில் முடிய வேண்டும்

உங்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற படிப்பிலிருந்தே தொடங்குங்கள். ஒரு நாள் முதலுதவி வகுப்பு அட்டவணைப் பணிக்குப் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்க வளாகக் குழுக்களில் வழக்கமாக உள்ள, அவசர மருத்துவப் பணியாளருக்கான இஎம்டி படிப்பு ஏறத்தாழ 150 மணி நேரமோ அதற்கு மேலோ நீள்கிறது.

சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் உண்மையான பயிற்சி. வகுப்பறையில் பயிற்சிப் பொம்மை விரிப்பின்மேல் மல்லாந்து கிடக்கும். நிஜத்தில் ஒருவர் குளியலறைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே மடங்கிக் கிடப்பார். அங்கிருந்து அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்த பிறகே நெஞ்சை அழுத்த முடியும். அந்த இழுப்பைப் பழகியிருக்காதவர்கள் கதவருகே நின்று தடுமாறுவார்கள். ஆகவே பொம்மையைக் கழிப்பறை, மாடிப்படி, ஆய்வகம், இருட்டான மைதானம் என்று இடம் மாற்றி வையுங்கள். சுற்றிலும் நண்பர்கள் கத்துவதற்கும் இருவரை நிறுத்துங்கள்.

நெஞ்சை அழுத்தி மூச்சும் ஊதிக் கொடுக்கும் சிபிஆர் பயிற்சியில் எண்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். இல்லையென்றால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். களைப்பு தனக்குத் தெரிவதற்கு முன்பே அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும். ஏஇடி அட்டைகளை நெஞ்சில் ஒட்டும்போதும் அழுத்தம் நிற்கக்கூடாது. புதியவர்கள் கருவியின் குரலைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலர் மீனைப்போல வாயைத் திறந்து விட்டுவிட்டு இழுப்பார்கள். அதைப் பார்த்ததும் ‘மூச்சு இருக்கிறது’ என்று அறிவித்து அருகில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது மூச்சல்ல. நினைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அழுத்தத்தைத் தொடங்க வேண்டும். இந்த இழுப்பைக் காட்டும் காணொளியை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும், சொல்லிப் புரியவைக்க முடியாத காட்சி அது.

வளாகத்தில் அடிக்கடி வரும் மற்றவற்றிலும் இதே அளவு தீவிரம் தேவை.

ஒவ்வாமை அதிர்ச்சி: அட்ரினலின் தொடையின் வெளிப்புறத் தசையில். ஆளைப் படுக்க வையுங்கள், மூச்சுத்திணறல் இருந்தால் கால் நீட்டி உட்கார வையுங்கள். ஊசிக்குப் பிறகு தெளிந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸ்வரை நடத்திச் செல்வார்கள். கூடாது, சட்டென்று எழுந்து நிற்பதே ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும்.

வலிப்பு: தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை கால்களைப் பிடித்து அழுத்தாதீர்கள். தலைக்கடியில் மெத்தென ஏதாவது வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்தான நிலை.

சர்க்கரை குறைதல்: விழுங்க முடிகிற அளவு நினைவு இருந்தால் 15 முதல் 20 கிராம் வரை சர்க்கரை கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும்.

வெப்பத் தாக்கம்: மைதானத்தில் ஓடியவர் குழம்பிப் பேசினால், குளிர்ந்த நீரில் இறக்கி உடலைக் குளிர்வித்த பின்பே கொண்டு செல்லுங்கள். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உறுப்புகளைப் பாதிக்கிறது.

தீக்காயம்: 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். பனிக்கட்டி வேண்டாம்.

மது: ‘தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்’ என்ற பேச்சைக் குழுவுக்குள் அனுமதிக்காதீர்கள். குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டிருக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது என்றால் காத்திருக்க எதுவுமில்லை.

தற்கொலை எண்ணம்: ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேரடியாகக் கேட்கப் பழகுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. தனியே விடாதீர்கள், மாத்திரை, கயிறு, கத்தி எதுவானாலும் எட்டாத இடத்துக்குப் போகட்டும். எந்நேரமும் அழைக்கக்கூடிய மனநல ஆலோசகரின் எண் ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்க வேண்டும்.

6. பை

இப்போதுதான் பைக்கு வர வேண்டும். நெறிமுறை அனுமதித்ததும் பயிற்சி பெற்றதும் மட்டுமே உள்ளே போகும். கையுறை, வாய்வழி மூச்சு கொடுக்க உதவும் பாக்கெட் மாஸ்க், பஞ்சும் கட்டுத் துணியும், ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் பட்டை, கத்தரி, ரத்த அழுத்தக் கருவி, ஸ்டெதஸ்கோப், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர், சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர், டார்ச், பதிவுத் தாள். உயிர்காப்பவை மேலே, ஒட்டுப்பட்டை அடியில். எல்லாப் பைகளும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும், அப்போதுதான் இருட்டிலும் கை தானாகப் போகும். ஷிப்ட் தொடங்கும்போது இருவர் சேர்ந்து திறந்து சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள். ஏஇடி அட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

7. பணி அட்டவணை: ஆசையை விட்டுக் கணக்கைப் பாருங்கள்

இருபத்து நான்கு மணி நேர சேவை என்று அறிவிக்கத் துடிக்கிற குழுக்கள் முதல் தேர்வு வாரத்தில் சிதறுகின்றன. வாரத்துக்கு 168 மணி நேரம், ஷிப்டுக்கு இருவர் என்றால் 336 ஆள்-மணி. ஒருவர் வாரம் 8 மணி நேரம் தந்தால் 42 பேர் வேண்டும், அதுவும் யாருக்கும் காய்ச்சல் வராமலிருந்தால்.

இதற்கு மாறாக, மாலை 6 முதல் நள்ளிரவு வரை மட்டும் என்று தொடங்கினால் வாரத்துக்கு 84 ஆள்-மணி. ஆளுக்கு 6 மணி நேரம் என்றால் 14 பேர். தேர்வும் விடுப்பும் வரும் என்பதால் 20 பேரைப் பயிற்றுவித்துவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஆறு மணி நேரத்தை ஒரு பருவம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் நடத்திக்காட்டினால் பாதுகாப்புப் பிரிவு உங்களை நம்பத் தொடங்கும். நீட்டிப்பு அதன் பிறகு.

யாரும் தனியாகப் போகக்கூடாது. ஒருவர் நோயாளியிடமும் மற்றவர் தொலைபேசியிலும் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம், பின்னால் எழும் குற்றச்சாட்டுகளுக்குச் சாட்சி என்பது இன்னொரு காரணம். ஆள் இல்லாத நேரம் வந்தால், கட்டுப்பாட்டு அறைக்கு ‘இன்று குழு இல்லை’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. துணையோடு பணி

புதியவர் முதலில் மூன்றாம் ஆளாகச் செல்லட்டும். பார்ப்பது, பிறகு சோதனைகளைச் செய்வது, பிறகு மூத்தவர் பின்னால் நிற்க, தானே நடத்துவது என்று மாற்றுங்கள். அழைப்பு குறைவான வளாகத்தில் இது நீண்டுகொண்டே போகும். அந்த இடைவெளியை ஒத்திகை அழைப்புகளால் நிரப்பலாம். உள்ளூர் ஆம்புலன்ஸில் சில ஷிப்டுகள் உடன் சென்றுவர அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். நாம் ஒப்படைக்கும்போது எதிரில் இருப்பவர் எதைக் கேட்க விரும்புகிறார் என்பது அங்கேதான் புரியும்.

9. சம்பவ இடத்தில் எதன் பின் எது

புதியவர்களில் பலர் ஓடிவந்து மண்டியிட்டு முதலில் பையின் ஜிப்பைத் திறப்பார்கள். கைக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற நிம்மதி அது. அதற்கு முன் கண்ணுக்கு வேலை இருக்கிறது.

வாசலில் நில்லுங்கள். மின்கம்பி, ரசாயன நெடி, சண்டை, உடைந்த கண்ணாடி ஏதாவது உண்டா? ஆய்வகத்தில் இருவர் விழுந்து கிடந்தால் உள்ளே போகாதீர்கள். மூன்றாவது ஆளாக நீங்கள் விழுவீர்கள்.

அடுத்தது, பீறிடும் ரத்தம். நேரடி அழுத்தம், கை கால் காயத்தில் அதற்கும் நிற்கவில்லையென்றால் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டைத் தவிர்த்து டூர்னிக்கெட். கட்டிய நேரத்தை எழுதுங்கள். அதன்பின் மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவுநிலை. ஒன்றில் கோளாறு என்றால் அதைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகக்கூடாது.

இவை நிலையாக இருந்தால்தான் பேச்சு. பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டு, ‘உங்களைச் சோதிக்கலாமா?’ என்று அனுமதி கேளுங்கள். அறிகுறி, ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்து, முன்பிருந்த நோய், கடைசியாகச் சாப்பிட்டது, இது எப்படித் தொடங்கியது என்று வரிசையாகக் கேட்டால் எதுவும் விட்டுப்போகாது.

மூச்சை எண்ணுவதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பார்த்த மாத்திரத்தில் ‘16’ என்று எழுதிவிடுவது. பெரியவர்களுக்கு இயல்பு நிமிடத்துக்கு 12 முதல் 20. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை முப்பது விநாடி எண்ணி இரட்டியுங்கள். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். உடல் சீர்கெடுவதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் மூச்சின் வேகமும் ஒன்று என்பதால் இந்த முப்பது விநாடிக்கு மதிப்பு அதிகம். ஆக்சிமீட்டர் எண்ணையும் கண்மூடி நம்பாதீர்கள். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அதைப் பிறழவைக்கும்.

10. ஒப்படைப்பும் பதிவும்

ஒப்படைப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஆள், நடந்தது, கண்டது, அளந்தது, கொடுத்தது என்பது வரிசை. இப்படி: ‘20 வயது மாணவி. நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. 7.40-க்குச் சாப்பிட்டார், 7.50-க்கு உதடு வீக்கம், மூச்சிரைப்பு. 7.58-க்கு வலது தொடையில் அட்ரினலின் ஊசி. மூச்சு 28-லிருந்து 20 ஆகியிருக்கிறது. வேறு நோயோ மருந்தோ இல்லை.’ அழைப்பு வந்த கதையிலிருந்து தொடங்கினால் ஆம்புலன்ஸ் ஊழியர் இரண்டாவது வாக்கியத்திலேயே திரும்பிவிடுவார்.

பதிவுத் தாளை அன்றே முடியுங்கள். கண்டதை எழுதுங்கள், தீர்ப்பு வேண்டாம். ‘குடிபோதையில் இருந்தார்’ என்பதற்குப் பதில் ‘மது வாடை, பேச்சுக் குழறல், இரண்டு பீர் குடித்ததாகச் சொன்னார்’.

உதவி வேண்டாம் என்று மறுப்பவருக்கு, தெளிவாகப் புரிந்து முடிவெடுக்கும் நிலை இருந்தால் மறுக்க உரிமை உண்டு. ஆபத்தைச் சொல்லி, பொறுப்பு மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, சாட்சியோடு பதிவு செய்யுங்கள். தலையில் அடிபட்டுக் குழம்பியிருப்பவரின் மறுப்பை அப்படியே ஏற்க முடியாது.

ரகசியம் காப்பது இங்கே மருத்துவமனையைவிடக் கடினம். நேற்றிரவு தூக்கி உட்கார வைத்தவர் இன்று வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பார். குழுவின் வாட்ஸ்அப்பில் பெயரோ அறை எண்ணோ படமோ வரக்கூடாது, மீறினால் நீக்கம். நெருங்கிய நண்பரோ பழைய காதலரோ நோயாளி என்றால் இன்னொருவருக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுங்கள்.

11. அழைப்பு முடிந்த பிறகு

பையை நிரப்பிவிட்டு, போன இருவரும் ஷிப்ட் தலைவரும் பத்து நிமிடம் உட்காருங்கள். எது தாமதமாயிற்று, எந்தப் பொருள் கிடைக்கவில்லை, அடுத்த முறை என்ன மாற வேண்டும் என்பதை மட்டும் பேசுங்கள். ஆளைக் குறைசொல்லும் கூட்டமாக மாறினால் அடுத்த தவறை மறைப்பார்கள், மறைத்த தவறைத் திருத்த முடியாது.

மரணமோ தற்கொலை முயற்சியோ என்றால் வேறு அணுகுமுறை வேண்டும். எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கும்படி கட்டாயப்படுத்தும் ஒரே அமர்வு பிற்கால மன உளைச்சலைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்கு அது தீங்காகவும் முடியலாம். ஷிப்டிலிருந்து விடுவியுங்கள், தனியாக அறைக்கு அனுப்பாதீர்கள், மறுநாளும் அடுத்த வாரமும் ஒருவர் சென்று பாருங்கள். தூக்கமின்மையோ அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவதோ சில வாரங்கள் நீடித்தால் ஆலோசகரிடம் கூட்டிச் செல்லுங்கள். இவர்களும் பதின்வயதைத் தாண்டியும் தாண்டாமலும் இருக்கும் மாணவர்கள் என்பதை நிர்வாகத்துக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

12. ஆண்டு மாறும்போது

ஒவ்வோர் ஆண்டும் அதிக அனுபவமுள்ளவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். நன்றாக நடந்த குழு சட்டென்று படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இறுதியாண்டு மாணவரைத் தலைவராக்காதீர்கள். அவர் ஆலோசகராக இருக்கட்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் கீழ் வகுப்பிலிருந்து ஒரு துணைவர் தேவை.

சான்றிதழ்கள் காலாவதியாகும் நாள், மருந்துகளின் தேதி, காப்பீட்டின் புதுப்பிப்பு, கட்டுப்பாட்டு அறையில் யாரைப் பார்க்க வேண்டும் என்பவை ஒருவர் நினைவில் மட்டும் இல்லாமல் பொதுக் கோப்பில் இருக்கட்டும். புதிய தலைவரைப் பொறுப்பு மருத்துவரிடமும் பாதுகாப்பு அதிகாரியிடமும் ஆம்புலன்ஸ் நிலையத்திடமும் பழைய தலைவரே நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்த வேண்டும். அதைக் கடைசித் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள், தேர்வு முடிந்த மறுநாள் யாரும் வளாகத்தில் இருக்கமாட்டார்கள்.